மருந்துக்கும் நாம் உக்கிராணக்காரர்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நமது கிராமக் கிளினிக்குகள் சளி, இருமல் பிள்ளைகளால் நிரம்பிவிடும். "போன தடவை கொடுத்த மருந்தையே கொடுங்க டாக்டரம்மா" என்று தாய்மார் கேட்பார்கள். ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்தவர்களை வெறுங்கையாய் அனுப்ப மனமில்லாமல், முன்பு நாங்களும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்ததுண்டு. அது தவறு என்று ஒப்புக்கொள்கிறோம்.

சாதாரண சளி இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ் கிருமிகள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. தேவையின்றிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம்; மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-லேயே இந்த ஆபத்தைக் குறித்து எச்சரித்தார். 2019-ல் மட்டும் இத்தகைய பாக்டீரியாவால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக மரித்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

அப்படியானால் யாருக்கு ஆன்டிபயாடிக்? நமது நர்ஸ் பிள்ளையைத் தாயின் மடியில் அமைதியாக இருத்தி, சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுகிறார். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியா என்று கருதுகிறோம். அமாக்சிசிலின் கொடுத்து, மூன்றாம் நாள் திரும்பப் பார்க்கிறோம். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், எந்தப் பிள்ளைக்கும் பால் குடிக்க முடியாமை, வலிப்பு, மயக்கம் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம்.

மூச்சு சீராக இருந்து, ஆபத்தான அறிகுறிகளும் இல்லையென்றால், தாய்ப்பாலும் நீராகாரமும் தாராளமாகக் கொடுக்கவும், மூச்சு வேகமானால் இரவானாலும் தூக்கி வரவும் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறோம். மருந்துச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். இதை விளக்கப் பத்து நிமிடமாகிறது. உங்கள் காணிக்கை அந்தப் பத்து நிமிடத்தையும் தாங்குகிறது.

பணத்திற்கும் காலத்திற்கும் நாம் உக்கிராணக்காரர் என்று அறிந்திருக்கிறோம். மருந்துக்கும் அப்படியே. இன்று வீணாக்கினால், நாளை நிமோனியாவோடு வரும் பிள்ளைக்கு அது பயன்படாமல் போகலாம். உங்கள் வீட்டிலும் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். மீதி மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

பொறுமையோடு மூச்சை எண்ணும் நமது நர்ஸ்களுக்காகவும், வெறுங்கையாய்ப் போனாலும் நம்பிக்கையோடு திரும்பும் தாய்மாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.