மெத்தையில் விழும் பள்ளம் யார் செய்தது?

மழை விட்ட ஞாயிறு காலையில் கல்கிசையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொடர்மாடிகளை அண்ணாந்து பாருங்கள். பல்கனிச் சுவர்களில் மெத்தைகள் மடிந்து தொங்கும். அவற்றில் சில, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய மெமரி ஃபோம் மெத்தைகள். இரண்டு வருடத்தில் நடுவில் பள்ளம் விழுந்ததும் கடைக்காரரைத் திட்டுவோம். அந்தப் பள்ளத்தில் நம் பங்கும் உண்டு.

மெத்தையை வெயிலில் போட்டு அடித்தால் புதிதாகும் என்று நம்புகிறோம். இலவம்பஞ்சு மெத்தைக்கு அது முற்றிலும் சரி. வெயில் ஈரத்தை எடுக்கும். கம்பால் அடித்தால் கட்டிய பஞ்சு பிரியும். நம் அம்மம்மாமார் அறிந்து செய்த வேலை அது. ஆனால் மெமரி ஃபோம் பஞ்சும் அல்ல, றப்பரும் அல்ல. பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் கோடிக்கணக்கான நுண்ணறைகளைக் கொண்டது. உறை கழற்றிய ஃபோமில் வெயில் பட்டால் புறஊதாக் கதிர்கள் அதை மஞ்சளாக்கி உதிர வைக்கும். மடித்துத் தொங்கவிட்டால் மடிப்பில் வெடிக்கும். அடித்தால் அறைகள் உடையும்; உடைந்த அறை மீண்டும் எழாது. அதற்கு வேண்டியது வெயில் அல்ல, காற்று. விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையை வளையாமல் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து, மின்விசிறியைப் போட்டால் போதும்.

"கடையில் இறுக்கமாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் தளர்ந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. விமான இருக்கைகளுக்காக 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்கென சார்ள்ஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருள்தான் மெமரி ஃபோம். 1991இல் சுவீடனில் மெத்தையாக விற்பனைக்கு வந்தது. குளிரில் இறுகுவதும் சூட்டில் இளகுவதும் இதன் இயல்பு. குளிரூட்டிய கடையில் அழுத்திப் பார்த்துவிட்டு, 27, 28 பாகை வெப்பத்தில், கடற்காற்றின் ஈரம் நிறைந்த அறையில் படுக்கிறோம். ஈரப்பதனும் ஃபோமைத் தளர்த்தும். ஆகவே அந்தத் தளர்வு மோசடி அல்ல. வாங்கும்போது கேட்க வேண்டியது அடர்த்தி. ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் நீடிக்கும்; மிகக் குறைந்த அடர்த்தியில் பள்ளம் விரைவில் விழும். விலையைப் பேரம் பேசும் நாம் இந்த எண்ணைக் கேட்பதேயில்லை.

பொலித்தீனைக் கழற்றாமல் படுத்தால் மெத்தை பழுதாகாது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் மோசமானது. விலை கொடுத்த பொருளைப் பொத்திக் காக்கும் நல்ல எண்ணத்திலிருந்தே அது பிறக்கிறது. ஆனால் வியர்வைக்கும் உடற்சூட்டுக்கும் போக வழியில்லை. சூடு, ஈரம், எடை மூன்றும் இரவு முழுவதும் ஒரே இடத்தில் தங்கினால் ஃபோம் அமிழ்ந்தபடியே பழகிவிடும். பூஞ்சணமும் பிடிக்கும். கழுவக்கூடிய, காற்றுப் புகும் துணி உறையே காப்பு. குழந்தை நனைத்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உள்ளே போன நீர் வெளியே வராது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, அப்பச்சோடா தூவி, காய்ந்தபின் தூசு உறிஞ்சியால் எடுக்கலாம்.

தரையில் போட்டால் முதுகுக்கு நல்லது என்பார்கள். ஆனால் குளிர்ந்த ஓட்டுத் தரைக்கும் சூடான மெத்தைக்கும் இடையில் ஈரம் தேங்கி, அடிப்பக்கம் கறுக்கும். கட்டில்தான் வேண்டும், பலகைகளின் இடைவெளி 7 சென்ரிமீற்றருக்குக் கூடினால் அங்கேயும் ஃபோம் தொய்யும்.

தும்பு மெத்தையைப் போல் இதையும் புரட்டிப் போடுவோர் உண்டு. பெரும்பாலான மெமரி ஃபோம் மெத்தைகளில் மேலடுக்கு மட்டுமே மெமரி ஃபோம், கீழே சாதாரண ஃபோம். புரட்டக் கூடாது; தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்ற வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே ஓரத்தில் தினமும் அமர்ந்து சப்பாத்துப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும்.

பள்ளத்தில் போர்வையை மடித்து வைப்பதால் முதுகு தற்காலிகமாக ஏமாறும், மெத்தை தேறாது. இலவம்பஞ்சைப் பிரித்து மீண்டும் அடைக்கலாம், மெமரி ஃபோமை அப்படிச் செய்ய முடியாது. தெஹிவளை–கல்கிசை மாநகர சபை எல்லைக்குள் தூக்கி எறிந்தால் கரதியானக் குப்பைமேட்டுக்குப் போய், மக்காமல் கிடக்கும். முற்றத்தில் எரிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையில் ஐதரசன் சயனைட்டு உண்டு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது.

எறியுமுன் பள்ளம்தானா என்று பாருங்கள். கை அழுத்தத்தின் தடம் சில விநாடி நின்றால் அது பள்ளமல்ல. மெமரி ஃபோம் மெதுவாகத்தான் எழும். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் முழுதும் யாரும் படுக்காமல் விடுங்கள். பிறகு விரிப்பை எடுத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் மெத்தைக்கும் இடையிலான ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். உத்தரவாதச் சீட்டுகளில் பல குறித்த ஆழத்தைத் தாண்டிய பள்ளத்தை மட்டுமே ஏற்கும்; கறை படிந்த மெத்தையை ஏற்பதில்லை.