குருதி செல்லும் வழி

மார்பின்மீது கையை வைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்று ஓயாது துடிப்பதை உணர்வீர்கள். அதுவே இதயம். தாயின் வயிற்றில் தொடங்கிய அத்துடிப்பு உயிர் உள்ளளவும் நிற்பதில்லை. இதயம் செலுத்தும் குருதி எங்கே செல்கிறது? சென்ற குருதி மீண்டு வருகிறதா? எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காணப் பல நூற்றாண்டுகள் ஆயின.

கேலன் என்பவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். உண்ட உணவிலிருந்து ஈரல் புதிது புதிதாகக் குருதியை ஆக்குகிறது என்றும், வயலிற் பாய்ந்த நீரை மண் உறிஞ்சுவது போல உறுப்புகள் அதனை ஏற்றுத் தீர்த்துவிடுகின்றன என்றும் அவர் கூறினார். அவர் பேரறிஞர்; ஆதலின் ஐரோப்பிய மருத்துவருள் பெரும்பாலோர் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் அவர் உரையை ஐயமின்றி நம்பினர்.

1578இல் இங்கிலாந்தில் பிறந்தவர் வில்லியம் ஹார்வி. இவர் இத்தாலியிலுள்ள பாதுவா நகரில் மருத்துவம் பயின்றார். இவர் கேலனை இகழ்ந்தாரல்லர், கணக்கிட்டுப் பார்த்தார். ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியின் அளவை, அரைமணி நேரத்துத் துடிப்புகளின் எண்ணிக்கையாற் பெருக்கினார். வந்த தொகை உடலிலுள்ள குருதி முழுவதினும் மிகுதியாக இருந்தது!

இக்கால அளவுகளைக் கொண்டு நாமும் கணக்கிடலாம். ஒரு துடிப்பில் இதயம் செலுத்தும் குருதி சுமார் 70 மில்லி லிட்டர். நிமிடத்திற்கு 70 துடிப்பு எனின், ஏறத்தாழ 5 லிட்டர் ஆகும். ஒரு மணிக்கு ஏறத்தாழ 300 லிட்டர் ஆகும். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள குருதியோ சுமார் 5 லிட்டரே. மணிக்கு 300 லிட்டர் குருதியை ஆக்க எத்துணை உணவு வேண்டும்! ஆகவே, அதே குருதிதான் தமனிகளின் வழியே சென்று, சிரைகளின் வழியே மீண்டு, சுற்றிச் சுற்றி வருதல் வேண்டும் என ஹார்வி துணிந்தார். 1628இல் அதனை நூலாக வெளியிட்டார். மருத்துவர் பலர் அவரை எதிர்த்தனர்.

எனினும் ஒரு குறை எஞ்சியது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியே செல்கிறது? அவ்வழி ஹார்வியின் கண்ணுக்குப் புலப்படவில்லை. இருந்தே தீரும் என்று அறிவால் உணர்ந்தவர், அதனைக் காணாமலே 1657இல் மறைந்தார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1661இல் மார்செல்லோ மால்பீகி என்னும் இத்தாலிய அறிஞர், தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். தமனியையும் சிரையையும் இணைக்கும், மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார். அவையே தந்துகிகள். ஹார்வி கருத்தாற் கண்டதை மால்பீகி கண்ணாற் கண்டார்.

தந்துகியின் சுவர் ஓர் உயிரணுவின் தடிப்பே உடையது. குறுகிய தந்துகிகளில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். அம்மெல்லிய சுவரின் ஊடாகவே உடலின் உயிரணுக்கள் பிராணவாயுவையும் உணவுச் சத்தையும் பெறுகின்றன. கரியமிலவாயு முதலிய கழிவுகளைக் குருதியில் விடுகின்றன. இதயத்தின் உழைப்பெல்லாம் பயன் தருமிடம் கண்ணுக்குத் தோன்றாத இந்நுண்குழாய்களே!

மாணவர்களே! முன்னோர் உரையை மதித்தல் நம் கடன். ஆராய்ந்து ஏற்பதும் அம்மதிப்பின் பாற்பட்டதே. ஹார்வி விட்ட இடத்தில் மால்பீகி தொடர்ந்தார். அங்ஙனம் தொடர்வோர் இருக்குமளவும் அறிவு வளரும்.