ஸ்கேனா, ரீசெட்டா, புது விண்டோஸா?

ரான்சம்வேர் வந்தால் ஊருக்கே தெரியும். எந்தக் கோப்பும் திறக்காது, திரை முழுக்க மிரட்டல் நிற்கும். தகவல் திருடும் ட்ரோஜன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், ஆட்டோஃபில்லில் கிடக்கும் கார்டு எண், டெலிகிராம் லாகின், கிரிப்டோ வாலட் என்று கைக்குச் சிக்கியதையெல்லாம் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பிவிடும். பெரும்பாலும் சில நிமிட வேலைதான். சில வகைகள் வேலை முடிந்ததும் தங்களையே அழித்துக்கொள்ளும். அதனால், "இதை எடுக்க எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஆன்டிவைரஸ் பெயரைச் சொல்வதில்லை. போன பொருளை ஸ்கேன் திருப்பித் தராது. முதலில் அந்தக் கணினியின் வைஃபையை அணையுங்கள். பிறகு போனிலோ வேறு சுத்தமான கணினியிலோ உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எதை வைத்துச் சுத்தம் செய்வது என்ற கேள்வி அதற்கு அப்புறம்.

எந்த வழியில் வந்தது என்று தெரிந்தால் எந்த மருந்து என்பதும் பாதி தெரிந்துவிடும். இப்போது அதிகம் அடிபடும் தந்திரம் ஒன்றைப் பாருங்கள். ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். 'நான் ரோபோ அல்ல' என்ற பெட்டி வருகிறது, டிக் செய்கிறீர்கள். உடனே மூன்று கட்டளைகள்: விண்டோஸ் கீயோடு 'ஆர்' அழுத்துங்கள், கன்ட்ரோல் 'வி' அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். டிக் செய்த நொடியிலேயே அந்தத் தளம் ஒரு பவர்ஷெல் கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. ரன் பெட்டி குறுகலானது. நீளமான கட்டளையை ஒட்டினால் அதன் வால் மட்டும்தான் கண்ணில் படும். அந்த வாலில் 'ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இது' என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்திருப்பார்கள். என்டர் தட்டுவது நீங்கள்தான் என்பதால் விண்டோஸும் பெரிதாகத் தடுப்பதில்லை. இதற்கு கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். மனிதர்தானா என்று சோதிக்கும் உண்மையான பெட்டி எதுவும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

மற்ற வழிகள் பழைய பாதைகள்தான். கிராக் செய்த போட்டோஷாப், விண்டோஸ் ஆக்டிவேட்டர், கேம் சீட், அவற்றுக்கு யூடியூப் வீடியோவின் அடியில் தரும் லிங்க். ஜிப்புக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பதை ஸ்கேனர் பார்க்க முடியாது. சிலர் கோப்பை வெறும் பூஜ்யங்களால் நிரப்பி நூற்றுக்கணக்கான எம்பிக்கு ஊத வைப்பார்கள். பல ஸ்கேனர்கள் அவ்வளவு பெரிய கோப்பைப் பார்க்காமலே விட்டுவிடும். 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்ற குறிப்பு கூட இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

பிரவுசர் ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறது? குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தச் சாவி நெடுங்காலம் உங்கள் விண்டோஸ் லாகினோடு மட்டுமே கட்டப்பட்டிருந்தது. உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் கேட்டால் சாவி கிடைத்துவிடும். 2024 ஜூலையில் வந்த குரோம் 127, முதலில் குக்கிகளுக்கு இன்னொரு பூட்டைச் சேர்த்தது. சில மாதங்களுக்குள் திருட்டு நிரல்கள் அதையும் தாண்ட வழி கண்டுபிடித்துவிட்டன. குக்கி போனால் ஓடிபி இருந்தும் பயனில்லை. ஏற்கெனவே லாகின் ஆன நிலையே கைமாறிவிடுகிறது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் போல வந்த மெயிலின் இணைப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை, ஓடிபியும் தேவைப்படவில்லை.

ஆகவே பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்ய வேண்டும். மெயிலில் தொடங்குங்கள், மற்ற எல்லாக் கணக்கின் ரீசெட் லிங்க்கும் அங்கேதான் வந்து விழுகிறது. மெயிலுக்குள் போனதும் ஃபார்வர்டிங், ஃபில்டர், ரெகவரி எண் மூன்றையும் பாருங்கள். பிறகு நெட் பேங்கிங், அப்புறம் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸ், சமூக வலைக் கணக்குகள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கணினிக்கு வருவோம். கோப்பு இறங்கியது, ஆனால் திறக்கவில்லை என்றால் அழித்துவிட்டு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபுல் ஸ்கேன் போதும். இதற்குப் போய் ஃபார்மேட் அடிப்பது வீண் வேலை.

திறந்தீர்கள், ஆனால் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் கதை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் செய்யும் ஸ்கேனைவிட டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் மேல். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும். கால் மணி நேரம் போல ஆகும். ஆனால் அதற்கு முன் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் செட்டிங்ஸில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் எதையும் சேர்த்திருக்காவிட்டால் அது காலியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு ஃபோல்டரோ, சி டிரைவ் முழுவதுமோ உட்கார்ந்திருந்தால் யாரோ காவல்காரனிடம் 'இந்தப் பக்கம் திரும்பாதே' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நீங்கள் நம்பி நிறுவிய நிரல் எதுவும் சேர்த்ததல்ல என்றால் அது பலமான அறிகுறி; ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்காமல், ஓடியது உறுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அபிப்பிராயத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது. இறக்கிய 10 நாளில் காலாவதியாகும் என்பதால் பழையதைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு அலையக் கூடாது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பும் நல்லதுதான். இந்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு முழு ஆன்டிவைரஸ்களை நிறுவி மோதவிடாதீர்கள். இன்னொன்று: ஸ்கேனில் ஒன்றும் சிக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. தன்னை அழித்துக்கொண்ட திருடனுக்கும் அதே முடிவுதான் வரும்.

ஓடியது உறுதி, அல்லது கணக்கு ஏற்கெனவே பறிபோய்விட்டது என்றால் என் கட்சி ஒன்றே: அழித்து, புதிதாக நிறுவுவது. சிஸ்டம் ரீஸ்டோர் இதற்குக் கருவியே அல்ல. ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற வழி ஆசை காட்டும். நிறுவிய நிரல்கள் போகும், ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் அந்த ஜிப் அப்படியே மிச்சமிருக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். அதற்குள் கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா என்று கேட்கும். கிளவுட் என்றால் மைக்ரோசாஃப்டிடமிருந்து புதுப் பிரதி வரும், 4 ஜிபி அளவு டேட்டா செலவாகும். தினம் 1.5 ஜிபி பேக்கில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவருக்கு அது கட்டாது. அவருக்கு லோக்கலே போதும். நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, கடைக் கணக்கு எல்லாம் ஓடும் கணினி என்றால், வேறு கணினியில் மீடியா கிரியேஷன் டூல் வைத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று தயார்செய்து, பழைய பார்ட்டிஷன்களை அழித்து நிறுவுவதுதான் எனக்குத் திருப்தி. தொடங்கும் முன் பிட்லாக்கர் ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். போட்டோ, ஆவணம், டேலி டேட்டா ஃபோல்டர் இவற்றை மட்டும் பேக்கப் எடுங்கள். இன்ஸ்டாலர், ஜிப், பெயர் தெரியாத ஷார்ட்கட் எதுவும் கூடவே வரக் கூடாது.

சர்வீஸ் சென்டரில் கொடுப்பதில் தப்பில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "விண்டோஸை எதை வச்சு ஆக்டிவேட் பண்ணுவீங்க, அண்ணே?" ஆக்டிவேட்டர் என்று பதில் வந்தால் கணினியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நிறைய லேப்டாப்களில் லைசன்ஸ் மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

அலுவலகக் கணினி என்றால் மேலே சொன்ன ஸ்கேன், ரீசெட் எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஐடி பிரிவிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, திருடுபோன பாஸ்வேர்டு மாற்றப்படாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024-இல் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நடந்ததைப் பார்க்கலாம். 2020 வரை பின்னோக்கிப் போகும் பழைய திருட்டுப் பாஸ்வேர்டுகளை வைத்தே உள்ளே புகுந்தார்கள். எச்சரிக்கை அனுப்பப்பட்ட நிறுவனங்கள் சுமார் 165.

போலீஸ் பிடித்துவிடும் என்று காத்திருப்பதிலும் பலனில்லை. லும்மா என்ற திருட்டு நிரல் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. சுமார் 2,300 டொமைன்களை முடக்கினார்கள். சில வாரங்களில் அது மறுபடி தலைகாட்டியது.

புது விண்டோஸ் வந்ததும் பாஸ்வேர்டுகளை எங்கே வைப்பது என்ற கேள்வி மிஞ்சும். பிரவுசரைவிட, தனி மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கும் பிட்வார்டன் போன்ற மேனேஜர் மேல்; ஆனால் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். பாஸ்கீ தரும் தளங்களில் பாஸ்கீக்கு மாறுங்கள். தளம் அனுமதித்து பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டால், திருட அப்படி ஒன்று இல்லாமல் போகும். குக்கி ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும்.

கடைசியாக, குரோமில் லாகின் செய்து சிங்க்கை ஆன் செய்யும் முன் கொஞ்சம் நில்லுங்கள். பழைய கணினியில் திருட்டு எக்ஸ்டென்ஷன் ஒன்று ஏறியிருந்தால், சிங்க் அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து புது விண்டோஸில் நிறுவிவிடும். சிங்க் பட்டியலில் எக்ஸ்டென்ஷன்ஸை ஆஃப் செய்துவிட்டு, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக நீங்களே சேருங்கள்.