எண்களை வினவுவோர்

தரவுப் பகுப்பாய்வு என்றதும் கணினித் திரையும் வண்ண வரைபடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பகுப்பாய்வாளரின் பணி யாது என அறிய, கணினி நம் நாட்டுக்கு வருவதற்கு முந்தைய கொல்கத்தாவை நோக்குவதே நன்று.

1922ஆம் ஆண்டு வட வங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அதை ஆராய்ந்த பொறியாளர் குழு, பெரும் பொருட்செலவில் வெள்ளத் தடுப்புத் தேக்கங்கள் அமைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸிடம் இச்சிக்கல் வந்தபோது, அவர் புதிதாக எதையும் அளக்கவில்லை. 1870 முதல் பதிவாகியிருந்த மழை, வெள்ளக் குறிப்புகளை எடுத்து வரிசைப்படுத்தினார். தேக்கங்களால் பயனில்லை, தேங்கும் நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்பது அவர் கண்ட முடிவு. விடை பழைய பதிவேடுகளிலேயே இருந்தது. அவற்றிடம் உரிய வினாவை எழுப்பத்தான் ஆள் இல்லை.

1931ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் முயற்சியால் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. வணிகத்துக்கு நெருக்கமான அதன் பணி சணல் கணக்கெடுப்பு. ஹூக்ளிக் கரை ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளருக்கும், ஏன், உழவருக்குமே அவ்வாண்டு விளைச்சல் எவ்வளவு என்பது விலையைத் தீர்மானிக்கும் செய்தி. வங்காளத்தின் ஒவ்வொரு வயலையும் அளப்பதற்குப் பெருஞ்செலவாகும். எனவே 1937 முதல், தற்செயல் முறையில் தேர்ந்த சில நிலப்பகுதிகளை மட்டும் அளந்து மொத்தத்தை மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பை மகலனோபிஸ் சோதித்தார்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியது, அவர் தம் கணக்கையே ஐயுற்ற விதம். ஒரே வட்டாரத்தில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரு வேறு குழுக்களிடம் ஒப்படைத்தார். இரண்டு முடிவுகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். பெரிதும் விலகினால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. களத்துக்குப் போகாமலே ஏட்டை நிரப்பும் பணியாளர் எக்காலத்திலும் உண்டு அல்லவா!

இனி நம் கடைவீதிக்கு வருவோம். துணிக்கடை உரிமையாளர் ஒருவர் 2024 நவம்பர் விற்பனையை 2023 நவம்பருடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார். விற்பனை கடுமையாகச் சரிந்திருக்கிறது. பணியாளரைக் குறைப்பதா, கொள்முதலை நிறுத்துவதா என்று கலங்குகிறார். பகுப்பாய்வாளர் முதலில் நாட்காட்டியைப் பார்ப்பார். தீபாவளி 2023இல் நவம்பர் 12 அன்று வந்தது. 2024இல் அக்டோபர் 31 அன்றே வந்துவிட்டது. பண்டிகைக்கு முந்தைய முப்பது நாட்களை இரு ஆண்டுகளிலும் எடுத்து ஒப்பிட்டால், அந்தச் சரிவு இல்லாமலே போகலாம். ஆகவே, எதை எதனோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்வதே இப்பணியின் பெரும்பகுதி. கூட்டலும் கழித்தலும் அதற்குப் பிறகுதான்.

அதற்கும் முன்பு, தரவைத் தூய்மைப்படுத்த வேண்டும். பலரின் கணக்கில் கடை வசூலும் வீட்டு வாடகை வரவும் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணமும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. அந்த அறிக்கையைக் கொண்டு நடைமுறை மூலதனக் கடன் கேட்கும்போது, தொழிலின் உண்மையான வரவு எவ்வளவு என்பது உரிமையாளருக்கும் தெரிவதில்லை, கடனை மதிப்பிடும் அலுவலருக்கும் விளங்குவதில்லை. கடைக்கெனத் தனியே ஒரு நடப்புக் கணக்கு வைத்து, வசூல் முழுவதையும் அதிலேயே செலுத்தி வந்தால், இரண்டு தீபாவளிகள் கழிவதற்குள் ஒப்பிடத்தக்க பதிவேடு ஒன்று நம் கையில் இருக்கும்.