ஓடு மாற்றவும் அனுமதியா?

ஐப்பசி பிறப்பதற்குள் கூரை வேலையை முடித்துவிட வேண்டும் என்பது சித்தூர், புத்தூர், நகரி பக்கத்து வீடுகளில் பழைய கணக்கு. 2021 நவம்பர் மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடியதைப் பார்த்த பிறகு அந்த அவசரம் இன்னும் கூடிவிட்டது. அவசரத்தில் மேஸ்திரி சொல்வதும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும்தான் சட்டம். எங்கள் பெரியம்மாவின் சந்திரகிரி ஓட்டு வீட்டுக்காக இந்த வருடம் அலைந்ததில், அப்படிக் காதில் விழுந்த பேச்சுகள் பல.

“கூரையில் கை வைத்தாலே அனுமதி வாங்க வேண்டும்.”

பெரும்பாலும் வேண்டியதில்லை. இந்தப் பயத்திலேயே ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்துவிட்டுக் காலம் தள்ளுகிற முதியவர்களை எனக்குத் தெரியும். அனுமதி தேவைப்படாத வேலைகளைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) பட்டியலிடுகிறது. வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது ஆகியவற்றோடு ஓடு மாற்றுவதும் கூரையைப் புதுப்பிப்பதும் அதில் இருக்கின்றன. கட்டடத்தின் பலத்துக்கும் தீப்பாதுகாப்புக்கும் பங்கம் வரக்கூடாது என்பது நிபந்தனை. அது ஒரு மாதிரித் தொகுப்புதான். நம்மைக் கட்டுப்படுத்துவது ஆந்திரத்தின் 2017ஆம் வருடக் கட்டட விதிகளும் உள்ளாட்சிச் சட்டங்களும். அதனால் செய்யப்போகும் வேலையை ஒரு தாளில் எழுதி வார்டு சச்சிவாலயத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது புகார் செய்தால் அந்தத் தாள்தான் பேசும்.

“ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடுவதும் கூரை மாற்றுவதுதானே?”

எங்கள் மேஸ்திரியும் இதைத்தான் சொன்னார். “கூரைச் சட்டமெல்லாம் செல்லரிச்சுப் போச்சும்மா, பேசாம தளம் போட்டுடலாம், ஆயுசுக்கும் கவலை இல்ல.” பெரியம்மா சம்மதித்துவிட்டார். நான் சுவரில் பூச்சு உதிர்ந்திருந்த ஓரிடத்தில் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். செங்கல்லுக்கு நடுவே இருந்தது சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை; வெறும் செம்மண். விரலால் தொட்டால் பொடியாகக் கொட்டியது.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ கனம். ஓடு, ரீப்பர், சட்டம் எல்லாம் சேர்ந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு வராது. மண்சாந்துச் சுவர் அந்த ஓட்டைத் தாங்கத்தான் கட்டப்பட்டது. தளம் என்றால் தூண், பீம், அஸ்திவாரம் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அது வேறு கட்டடம். அதற்கு உரிமம் பெற்ற பொறியாளர் போட்ட வரைபடமும் முறையான அனுமதியும் கட்டாயம். கிராமம் திருப்பதி நகர்ப்புற மேம்பாட்டு ஆணையமான துடாவின் எல்லைக்குள் வந்தால், ஊராட்சியில் ஒருவர் வாய்வார்த்தையாகச் சரி என்பது போதாது.

மொட்டை மாடியில் போடும் ஷீட் கூரைக்கும் இதே நியாயம்தான். இரும்புத் தூணை போல்ட் போட்டு முடுக்கியிருப்பதால் அது தற்காலிகம் ஆகிவிடாது. பக்கங்களை அடைத்து, கதவு வைத்து, வாடகைக்கு விட்டால் அது ஒரு மாடி. திருப்பதியில் இப்படி முளைத்த அறைகள் எத்தனை! காற்றில் ஒரு ஷீட் பிய்த்துக்கொண்டு தெருவில் விழுந்தால் யார் தலையில் என்று யாருக்குத் தெரியும்?

“வேலூர் மாமா வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லையே.”

எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்து இந்தப் பக்கம் பெண் எடுக்கிற ஊர்கள் நம்முடையவை. ஆனால் 1960இல் திருத்தணி மதராசோடு போய், சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலையில் தமிழ்நாடு கொண்டுவந்த சுயசான்று முறை தமிழ்நாட்டு மனைக்கு மட்டுமே. மாமாவின் காகிதத்தைப் பார்த்து இங்கே வேலை தொடங்காதீர்கள்.

வீட்டு வரி ரசீதை அனுமதி என்று நினைப்பவர்களும் உண்டு. வரி வேறு, அனுமதி வேறு.

“என் பட்டா, என் வீடு, என் ஓடு. யார் கேட்பது?”

சந்திரகிரியிலும் குடிமல்லத்திலும் கேட்பார்கள். ராஜமகால், ராணிமகால் இருக்கும் கோட்டையும் குடிமல்லத்துப் பரசுராமேஸ்வரர் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி முதல் 100 மீட்டர் தடைப் பகுதி. அங்கே புதுக் கட்டடம் கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடானால், பழுது பார்க்க மனுச் செய்து அனுமதி பெறலாம். அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கேயும் கட்டுவதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சச்சிவாலயத்து முத்திரை இங்கே உதவாது. சட்டம் அதிகாரிகளுக்குத் தரும் அவகாசங்களைக் கூட்டினால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். சித்திரையிலேயே மனுப் போட்டால்தான் ஐப்பசி மழைக்கு முன் ஓடு ஏறும்.

தூரத்தை மகாலின் சுவரிலிருந்து அளப்பது பலர் செய்யும் தவறு. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். மகாலிலிருந்து அளந்தபோது பெரியம்மா வீடு 300 மீட்டருக்கு வெளியே இருந்தது. எல்லையிலிருந்து அளந்தால் உள்ளே. மனுப் போட்டிருக்கிறோம். புது ஓடுகள் திண்ணையில் அடுக்கி இருக்கின்றன, கூரைமேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது.