படிப்படியாய்ப் பயிற்சி

இன்று பல நிறுவனங்களில் தீத்தடுப்பு, மின் பாதுகாப்பு முதலிய பயிற்சிகளைப் பணியாளர்கள் இணையவழியே பெறுகின்றனர். ஆசிரியர் அருகில் இல்லாதபோது, கற்பவர் அடுத்த பாடத்திற்குச் செல்லலாமா என்பதை முடிவு செய்வது எது?

இவ்வினா இணையத்திற்கும் முந்தியது. அமெரிக்க உளவியலறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் 1950களில் கற்பிக்கும் பொறியை உருவாக்கினார். அதில் ஒரு படிக்கு விடையளித்த பின்னரே அடுத்த படி தோன்றும். தவறு நேராவண்ணம் படிகளை அவர் மிகச் சிறியனவாக அமைத்தார். அமெரிக்க வான்படைத் தொழில்நுட்பப் பயிற்சியில் ஈடுபட்ட நார்மன் கிரவுடரோ, தவறான விடை தந்தவரை அத்தவற்றை விளக்கும் கிளைப்பாதைக்கு அனுப்பினார், தவறும் பாடமாயிற்று.

இன்றைய பயிற்சி மென்பொருள்களில் இவ்விரு முறைகளையும் காணலாம். ஸ்கார்ம் 2004 என்னும் தரநெறி, பாட வரிசையையும் தேர்ச்சி நிபந்தனைகளையும் வகுக்க வழிசெய்தது.

எனினும், ‘அடுத்து’ என்னும் பொத்தானைப் பூட்டி வைப்பதனாலேயே கற்றல் நிகழ்ந்துவிடாது. காணொலி ஓடி முடிந்ததைக் கடிகாரம் காட்டும். கருத்து விளங்கியதைத் தக்க வினாவே காட்டும். முன்பே அறிந்தவரை முன்தேர்வின் வழி விரைந்து செல்ல விடுவதும், அறியாதவரை நிறுத்தி விளக்குவதும் நல்ல பயிற்சிக்கு அழகு. மின்கம்பியின் அருகே பணிபுரிபவரைக் காப்பது அவர் உண்மையாகக் கற்றதே.