100 எம்பிபிஎஸ் இருந்தும் மெனு ஏன் விரிய மறுக்கிறது?

கேள்வி: எங்கள் ஆய்வுக்கூடத்து லினக்ஸ் கணினியில் இருக்கும் ஒரு வரைபட மென்பொருளை வீட்டு விண்டோஸ் கணினியிலிருந்து இயக்குகிறேன். அதன் சன்னலை இங்கே காட்ட வீட்டில் எக்ஸ்மிங் போட்டிருக்கிறேன். இணைப்பு எஸ்எஸ்எச் வழியாக. ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தபடி இதையே செய்தால் சட்டென்று திறக்கிறது. வீட்டிலோ 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும் ஒரு மெனு விரியப் பல நொடி ஆகிறது. சக ஆய்வாளர் பயன்படுத்தும் விஎன்சி திரையைப் படமாகவே அனுப்புகிறதாம். ஆனால் அது வேகமாக இருக்கிறது! படத்தைவிடக் கட்டளைதானே இலேசு? எக்ஸ்மிங்கை விட்டு வேறு எதற்கு மாறலாம்?

பதில்: அருமையான கேள்வி. நீங்கள் கண்ட முரண்பாட்டிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஃபைபர் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடுங்கள். இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகும் என்பதன் கணக்கு. உங்களைக் காக்கவைப்பது லேட்டன்சி. அதாவது ஒரு செய்தி போய் அதற்குப் பதில் வந்துசேர ஆகும் நேரம்.

நீங்கள் பயன்படுத்தும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. அதில் மென்பொருள் ஓரிடத்தில் ஓடும். வரைகிற வேலை உங்கள் எதிரே உள்ள கணினியில் நடக்கும். அந்த வரைகிற பகுதிக்கு எக்ஸ் சர்வர் என்று பெயர். ஆகவே இங்கே சர்வர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, எக்ஸ்மிங்தான் அது. மென்பொருளோ அதனிடம் ஓயாமல் விசாரிக்கும்: இந்த எழுத்துரு உண்டா, சன்னல் எங்கே நிற்கிறது, இந்தப் பண்பின் மதிப்பு என்ன? பல கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த அடி வைக்கும். ஒவ்வொரு கேள்வியையும் தபாலில் போட்டுவிட்டு, பதில் வரும்வரை பேனாவைத் தொடாத மனிதரைப் போல.

ஒரு மென்பொருள் திறக்க இப்படி ஆயிரம் முறை போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்துக்குள் ஒருமுறை போய்வர அரை மில்லிநொடி ஆனால் மொத்தம் அரை நொடி. வீட்டிலிருந்து 40 மில்லிநொடி ஆனால் மொத்தம் 40 நொடி! ஃபைபரை 300 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்த 40 பெரிதாகக் குறையாது. எக்ஸை வளர்த்தவர்களான கீத் பேக்கர்டும் ஜிம் கெட்டிஸும் 2003-இல் இதை அளந்து பார்த்தே எழுதினார்கள். அவர்கள் கண்ட பெரிய தடையும் இந்தப் போய்வருதல்தான்.

கட்டளை இலேசு என்பதும் இன்று பாதிதான் உண்மை. ஜிடிகே, க்யூட்டி போன்ற இன்றைய வரைகலை நூலகங்கள் பெரும்பாலும் தாங்களே படத்தை வரைந்துகொண்டு, புள்ளிகளாக எக்ஸிடம் தள்ளிவிடுகின்றன. அந்தப் புள்ளிகளை எக்ஸ் தானாகச் சுருக்குவதில்லை. 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு முழுத்திரை சுமார் 8 மெகாபைட். அது உங்கள் இணைப்பில் வந்துசேரவே ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

விஎன்சி 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவானது. லினக்ஸில் அது எக்ஸ் சர்வரையே ஆய்வுக்கூடக் கணினியில், மென்பொருளுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறது. ஆயிரம் விசாரிப்பும் அந்த ஒரே கணினிக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு வருவது மாறிய பகுதிகளின் சுருக்கிய படம் மட்டும். அதுவும் உங்கள் பக்கம் கேட்கும்போதுதான் வரும். இணைப்பு மெதுவானால் இடைப்பட்ட மாற்றங்களை விட்டுவிட்டு, கடைசி நிலையை மட்டும் காட்டும். இணைப்பு அறுந்தால்கூட மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். இரவெல்லாம் ஓடவிட்ட கணக்கு வீட்டு மின்வெட்டில் பாழாகாது என்பதற்காகவே நான் விஎன்சி முறையின் பக்கம் சாய்வேன். நீங்கள் இப்போது இணைக்கும் முறையில் இணைப்போடு மென்பொருளும் போய்விடும்.

ஆகவே எக்ஸ்மிங்கிலிருந்து விண்டோஸுக்கான வேறு எக்ஸ் சர்வர்களுக்கு, அதாவது விசிஎக்ஸ்எஸ்ஆர்விக்கோ, காசு கொடுத்து எக்ஸீடுக்கோ மாறி, இணைக்கும் முறையை அப்படியே வைத்திருந்தால் இந்தச் சிக்கல் தீராது. ஆய்வுக்கூடத்துக்குள் மூன்றும் நன்றாகவே ஓடும்.

தொலைவிலிருந்து வேலை செய்ய எக்ஸ்2கோவை முதலில் பாருங்கள். என்எக்ஸ் என்ற முறையின் 3-ஆம் பதிப்பு நூலகங்கள்மேல் கட்டிய இலவச மென்பொருள் இது. விசாரிப்புகளை ஆய்வுக்கூடப் பக்கத்திலேயே முடித்து, மிச்சத்தைச் சுருக்கி அனுப்பும். வேலையை நிறுத்திவைத்துப் பிறகு தொடரலாம். எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே போன்ற எளிய மேசைத்தளங்களோடு நன்றாக ஒத்துப்போகும். புதிய க்னோம் மேசைத்தளத்தோடு முரண்டு பிடிக்கும். முழு மேசைத்தளம் வேண்டாம், அந்த ஒரு மென்பொருளின் சன்னல் போதும் என்றால் எக்ஸ்ப்ரா பொருத்தம். அதிலும் விட்ட இடத்தில் தொடரலாம். வீட்டில் எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால் ஆய்வுக்கூடக் கணினியில் எக்ஸ்ஆர்டிபி போடச் சொல்லுங்கள். அதனோடு இணைய விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப்பே போதும்.

விஎன்சியே என்று முடிவு செய்தால் ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அதன் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே பார்க்கும். திரைத் தரவையும் மறையாக்கம் செய்யாது. 5900 முதலான அதன் போர்ட்டுகளை, அதாவது இணைப்பு வாசல்களை, இணையத்தில் திறந்துவைக்காதீர்கள். இப்போது பயன்படுத்தும், மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்எச்சுக்குள்ளேயே விஎன்சியையும் செலுத்துங்கள். ஆய்வுக்கூடக் கணினியைப் பராமரிப்பவரிடம் சொன்னால் சில நிமிடங்களில் அமைத்துத் தருவார்.